பச்சையம்மா செத்துப்போச்சு (கும்பிடுபூச்சி வளர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகளும்)

நாய் வளர்க்கிறேன் என்று சொன்னால் "என்ன ஜாதி?" என்று கேட்பார்கள். மீன் வளர்க்கிறேன் என்றால் "எத்தனை தொட்டி?" என்பார்கள். கும்பிடுபூச்சி வளர்க்கிறேன் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்... "எதுக்கு?"

எதுக்கு என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு தடவை அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடமுடியாது, அவ்வளவுதான். மற்ற பூச்சிகள் நம்மைப் பார்த்தால் ஓடும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. இது தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும்! முக்கோணத் தலை, இரண்டு பக்கமும் பெரிய கண், நடுவில் இன்னும் மூன்று குட்டிக் கண்கள். ஆக மொத்தம் ஐந்து. பெரிய கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் புள்ளியும் கூடவே வரும். உண்மையில் அது கருவிழி இல்லை, கண்ணின் அமைப்பால் வரும் ஒரு தோற்றம்தான். ஆனாலும் முறைப்பது மாதிரியே இருக்கும்.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட், விவேக் நித்யானந்தா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் அவர்கள் குழுவும் கும்பிடுபூச்சிக்கு 3டி கண்ணாடி மாட்டியே பார்த்துவிட்டார்கள். ஒரு கண்ணுக்கு நீலம், ஒரு கண்ணுக்குப் பச்சை. தேன்மெழுகு வைத்து ஒட்டி, திரையில் பூச்சிப் படம் ஓட்டினார்கள். படத்தில் வந்த பூச்சி பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்ததும் இது பாய்ந்து பிடிக்கப் பார்த்தது. 2016ல் வந்த ஆராய்ச்சி அது. நம் வரப்பில் உட்கார்ந்திருப்பது நம்மைப் போலவே தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஜீவன் என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம் பெரியவர்கள் பெருமாள் பூச்சி என்றும் சொல்வார்கள். முன்னங்காலைக் கூப்பிக்கொண்டு நிற்பதால் வந்த மரியாதை. அந்தக் கும்பிடு யாருக்கு என்பது பக்கத்தில் போகிற ஈக்குத்தான் தெரியும் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருந்த நான்கில் பெரியது, பச்சையம்மா, ஐப்பசி மாதம் செத்துப்போய்விட்டது. எப்படிச் செத்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அது செத்த விதத்துக்கும் நாம் இருக்கிற இந்த ஊருக்கும் சம்பந்தம் இருக்கிறது.

தாத்தாவின் வயல் ஒரத்தநாடு பக்கம். புது ஆற்றுப் பாசனம். (வெளியூர்க்காரர்களுக்கு: கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணை வந்த 1934ஐ ஒட்டி வெட்டியது. மற்ற ஆறெல்லாம் அதற்கு முன்னாடியே இருந்ததால் இது இன்னும் "புது" ஆறு!) புரட்டாசிக் கடைசியில் வாய்க்கால் கரை நொச்சிச் செடியில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தது. சிறகு முளைத்த பெண் பூச்சி. ஏறத்தாழ ஒரு விரல் நீளம். வயிற்றின் அடிப்பக்கம் கட்டங்களை எண்ணினால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும்: பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. ஹைரோடுலா என்ற இனம் என்று நினைக்கிறேன். நம் பக்கம் கண்ணில் படுகிற பெரிய பச்சைக் கும்பிடுபூச்சிகளில் நிறைய அந்த வகைதான்.

வீட்டுக்கு வந்த இரண்டு வாரம் ராஜ வாழ்க்கை. நன்றாகச் சாப்பிட்டது. வயிறு பெருத்துக்கொண்டே போனது. "முட்டை போடப்போகுதுடா, மாசமா இருக்கு. தொந்தரவு பண்ணாத" என்று அம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மூன்றாவது வாரம் ஆள் மாறிவிட்டது. எப்போதும் வலையின் உச்சியில் தலைகீழாகத் தொங்குகிற பூச்சி கீழே இறங்கி ஜாடியைச் சுற்றிச்சுற்றி நடந்தது. ஈயைக் காட்டினால் தொடவில்லை. ஒருநாள் ராத்திரி கொல்லையில் ஜாடியைக் கழுவுவதற்காக அதைக் கையில் ஏற்றிக்கொண்டேன். பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. கையில் இருந்து தயக்கமே இல்லாமல் இறங்கி, வாளி விளிம்புக்கு நடந்து, தண்ணீருக்குள் விழுந்தது. தவறி விழவில்லை. போய் விழுந்தது.

உடனே எடுத்துவிட்டேன். அதற்குள் வயிற்றின் நுனியில் இருந்து கறுப்பாக ஒரு நூல் வெளியே வர ஆரம்பித்துவிட்டது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாணுக்கும் மேல். வாளிக்குள் விழுந்து பாம்பு மாதிரி சுருண்டு நெளிந்தது. அவ்வளவு நீளம் அந்த வயிற்றுக்குள் எப்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று இன்னமும் புரியவில்லை. பச்சையம்மாவின் வயிறு காலிப் பை மாதிரி ஒட்டிப்போனது. மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் உயிர் இருந்தது.

அந்த நூலுக்குப் பெயர் குதிரைமுடிப் புழு. குதிரை வாலில் இருந்து விழுந்த முடிதான் தண்ணீரில் உயிர் பெற்று நெளிகிறது என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்களாம், அதனால் வந்த பெயர். அதன் வாழ்க்கைக் கதையைக் கேளுங்கள், நம் சினிமாக்காரர்கள் யாரும் யோசிக்க முடியாது.

பெரிய புழு தண்ணீரில்தான் இருக்கும். எதையும் சாப்பிடாது. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். முட்டையில் இருந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு, தண்ணீருக்குள் வளர்கிற சின்னப் பூச்சிகளின் உடம்புக்குள் போய்ச் சுருண்டு தூங்கும். அந்தப் பூச்சிகளுக்குப் பிறகு சிறகு முளைத்துக் கரைக்குப் பறந்து வரும். கரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்? நம்ம ஆள், கையைக் கூப்பிக்கொண்டு. பிடித்துத் தின்றதும் தூங்கிக்கொண்டிருந்த புழு எழுந்து, கும்பிடுபூச்சியின் உடம்புக்குள்ளேயே அதன் சத்தை உறிஞ்சி வளரும். முழுசாக வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வளர்ந்ததும் அதற்குத் திரும்பத் தண்ணீர் வேண்டும். கும்பிடுபூச்சிக்கோ தண்ணீருக்குள் இறங்கும் பழக்கம் கிடையாது. என்ன செய்யும்? ஓட்டுநரை மாற்றிவிடும்!

ஜப்பானில் இதை ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்துக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு, அதன் அலைகள் படுக்கை வாக்கில் சீராக இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, பூச்சிக் கண்ணுக்குத் தெரியும். புழு இருக்கிற கும்பிடுபூச்சி அந்த வெளிச்சத்தைத் தேடிப் போகிறது, புழு இல்லாதது போவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த ராத்திரி கொல்லை விளக்கு வெளிச்சம் வாளித் தண்ணீரில் பட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்ததற்கு அதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன்.

பச்சையம்மா என்னிடம் இருந்தது மூன்றே வாரம். புழுவுக்கு வயது அதைவிட அதிகம். அதாவது நொச்சிச் செடியில் நான் பார்த்தபோதே உள்ளே குடியிருப்பு ஆரம்பித்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது.

அடுத்த பயம், மீதி மூன்றுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்பது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம், நமக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று. இரண்டும் இல்லை. இந்தப் புழு மனுஷ உடம்பில் வளராது. ஒரு கும்பிடுபூச்சியில் இருந்து பக்கத்து ஜாடிக் கும்பிடுபூச்சிக்கு நேராகவும் தாவாது. தண்ணீர், தண்ணீர்ப் பூச்சி, அப்புறம்தான் கும்பிடுபூச்சி. இந்த வரிசையில்தான் வரமுடியும். அப்படியென்றால் கதவு ஒன்றே ஒன்றுதான். தீனி.

இங்கேதான் நம் ஊர்ப் பிரச்சினை வருகிறது. காவிரிப் படுகையில் தண்ணீர் இல்லாத இடம் எது? ஜூன் 12 மேட்டூர் திறந்து கல்லணைக்கு வந்துவிட்டால், ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால், வயல், குளம் என்று தை மாதம் வரைக்கும் எங்கும் தண்ணீர்தான். கரையில் பிடிக்கிற எந்தப் பூச்சியின் குழந்தைப் பருவமும் தண்ணீருக்குள் கழிந்திருக்கலாம்.

சரி, வயலுக்குள் போய் வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி பிடிப்போம் என்றால் அங்கே வேறு ஆபத்து. மருந்து. (எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்குப் பெயரே மருந்துதான். "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால் யாருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம் இல்லை.) சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு, குருத்துப்பூச்சி, புகையான் என்று ஒவ்வொன்றுக்கும் அடிப்பார்கள். அசிபேட், இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. மருந்து பட்ட பூச்சி உடனே செத்து விழுந்தால்கூடப் பரவாயில்லை. பாதி பட்டது தள்ளாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையால் பிடிக்க அதுதான் ரொம்ப சுலபம்! அதைத் தின்கிற கும்பிடுபூச்சிக்குக் கால் நடுங்கும், பிடி தளரும், வலையில் இருந்து விழும். பிறகு எழாது.

இரண்டு ஆபத்தும் சேர்ந்து ஒரே இடத்துக்கு வருவதும் உண்டு. நம் வீட்டு டியூப்லைட்! ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் ராத்திரி விளக்கு போட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சாம்பாரில் மிதக்கும். அந்தக் கூட்டத்தில் பாதி வயலில் இருந்து வருகிற பச்சைத் தத்துப்பூச்சி, மீதியில் நிறைய, வாய்க்கால் சேற்றில் புழுவாக வளர்ந்து வருகிற, கொசு மாதிரியே இருக்கும் ஆனால் கடிக்காத பூச்சிகள். இலவசத் தீனி, வாசலுக்கே வருகிறது. ஆனால் ஒன்றில் மருந்து இருக்கலாம், இன்னொன்றில் புழு இருக்கலாம். என் பூச்சிகளுக்கு டியூப்லைட் பூச்சி கிடையவே கிடையாது.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வேறு ஒன்று கேட்டார்: "ஏம்பா, அந்தப் புழு பண்ணதுக்கும் நாம வயல்ல கட்டுற அட்டைக்கும் என்ன வித்தியாசம்?"

அட்டை என்றால் டிரைக்கோகிரம்மா அட்டை. கண்ணுக்குச் சரியாகவே தெரியாத ஒட்டுண்ணிக் குளவி அது. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் பூச்சி இவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். அந்தக் குளவி வெளிவரத் தயாராக இருக்கிற முட்டைகளை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள், வயலில் ஆங்காங்கே கட்டிவைத்தால் மருந்துச் செலவு குறையும். வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது. தாத்தா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு உயிருக்குள் இன்னொரு உயிர் புகுந்து உள்ளேயே தின்று வளர்வதுதான் இரண்டிலும் நடக்கிறது. வயலில் நடந்தால் கைதட்டுகிறோம், என் ஜாடியில் நடந்ததும் நான் அழுதேன். புழுவின் மேல் இருந்த கோபம் அதோடு கொஞ்சம் குறைந்தது. அது அதன் வேலையைச் செய்தது.

மருந்தின் கதை அப்படி இல்லை. அது ஆள் பார்க்காது. 1970, 80களில் பீட்டர் கென்மோர் முதலான ஆராய்ச்சியாளர்கள் பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் பார்த்தது இதைத்தான்: மருந்து அடிக்க அடிக்கப் புகையான் அதிகமானது, ஏனென்றால் அதைத் தின்கிற சிலந்திகள் முதலில் செத்தன. இந்தோனேசியாவில் 1986ல் நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். இந்த மண்ணிலேயே, திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் 2013ல் இறக்கும் வரைக்கும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதைச் சுற்றித்தான்.

ஆனால் ஒன்று, கும்பிடுபூச்சியை "விவசாயியின் நண்பன்" என்று ரொம்பத் தூக்கிப் பேசவும் மனசு வரவில்லை. அது நண்பன், எதிரி என்று பிரித்துத் தின்னாது. தேனீயையும் தின்னும், சிலந்தியையும் தின்னும், தன் தம்பியையும் தின்னும். நெல் வயலில் பெரும்பாலான வேலையைச் செய்வது சிலந்திகள்தான். கும்பிடுபூச்சி வரப்பில் இருப்பது, அந்த வரப்பில் மற்ற பூச்சிகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு ஒரு அடையாளம். எனக்கு அது போதும்.

இனி மீதி மூன்று. இவை கொல்லைக் கறிவேப்பிலை மரத்தில் இருந்த முட்டைக்கூட்டில் இருந்து ஆவணியில் வந்தவை. நுரை காய்ந்து கெட்டியானது மாதிரி ஒரு கூடு, அதில் இருந்து நூறுக்கு மேல் குட்டிகள். ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை மரத்திலேயே விட்டோம். ஐந்தில் மூன்று தேறியிருக்கின்றன. பிறக்கிறதில் மிகச் சிலதான் பெரிசாகும், வெளியில் என்றால் கணக்கு இன்னும் மோசம். யாராவது வளர்க்க நினைத்தால் உபயோகப்படும் என்று, நான் கடைப்பிடிப்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. தனித்தனி ஜாடி. மளிகைக் கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்தப் பெரிய ஜாடி நல்லது. மூடிக்குப் பதில் கொசுவலை. ஒன்றாக விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். பிரெஞ்சுக்காரர் ஃபாப்ர் நூறு வருஷத்துக்கு முன்பே கம்பி வலைக் கூண்டில் வைத்துப் பார்த்து இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

2. உயரம். இதுதான் உயிர். கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் சட்டை உரிக்கும். தன் நீளத்தைப் போல மூன்று மடங்காவது கீழே காலி இடம் வேண்டும். இடம் பத்தாமல் இடித்தால் கால் வளைந்துவிடும், சிறகு சுருங்கிவிடும். சில சமயம் உரியும்போதே செத்துவிடும். உச்சியில் பிடித்துக்கொள்ள வலையோ சொரசொரப்பான குச்சியோ இருக்கவேண்டும். வழவழப்பான மூடி ஆகாது.

3. சட்டை உரிக்கப்போகிறது என்பதற்கு அடையாளம், சாப்பிடாமல் சும்மா தொங்கும். கடைசி உரிப்பு என்றால் முதுகில் சிறகு மொட்டு உப்பித் தெரியும். அப்போது ஜாடிக்குள் உயிருள்ள தீனி எதுவும் இருக்கக்கூடாது. தோல் மெத்தென்று இருக்கும் நேரத்தில் ஒரு வெட்டுக்கிளி கடித்தால்கூடப் போச்சு. உரித்த பிறகும் ஒரு நாள் தொடாதீர்கள்.

4. தண்ணீர். தினம் ஒரு தடவை வலை மேல் லேசாகத் தெளித்தால் துளியைக் குடித்துக்கொள்ளும். காற்று ரொம்ப வறண்டால் சட்டை உரியாது. எந்நேரமும் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் நம் ஊரில் ஈரத்தை விடக் காற்றோட்டம்தான் முக்கியம். தெளித்தது சில மணி நேரத்தில் காய வேண்டும்.

5. தீனியின் அளவு. அதன் உடம்பில் பாதி நீளத்துக்கு மேல் வேண்டாம். குட்டிக்குப் பழ ஈ, பெரிசுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. தின்றது போக மீதியை அன்றைக்கே எடுத்துவிடவேண்டும், அழுகினால் நோய்தான்.

6. தீனியின் ஊர். இது பச்சையம்மா விட்டுப்போன பாடம். என் பூச்சிகளுக்கு இப்போது வெளித் தீனி கிடையாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கனிந்த பூவன் பழத்துண்டு போட்டு, துணி கட்டி, பழ ஈ வளர்க்கிறேன். (பழத்தையும் தோலை உரித்துவிட்டுத்தான் போடுகிறேன். தோலில் என்ன அடித்தார்களோ!) பெரிய தீனிக்கு மொட்டைமாடியில் தொட்டியில் கீரை போட்டு, அதில் வரும் சின்ன வெட்டுக்கிளி, புழுக்கள். அந்தத் தொட்டிக்கு மருந்து கிடையாது, பக்கத்தில் தேங்கிய தண்ணீரும் கிடையாது. வீட்டில் கரப்பானுக்கும் கொசுவுக்கும் ஸ்பிரே அடிப்பது அந்த அறையில் நிறுத்தியாச்சு.

7. வெளியில் இருந்து பெரிய பூச்சி பிடித்து வந்தால் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனியுங்கள். வயிறு பெருப்பது முட்டையாகவும் இருக்கலாம், புழுவாகவும் இருக்கலாம். கீழே இறங்கி அலைந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். காப்பாற்ற முடியாது, ஆனால் என்ன நடக்கிறது என்றாவது தெரியும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வருஷம்தான் வாழும். பெண் முட்டைக்கூடு வைத்துவிட்டுக் கொஞ்ச நாளில் போய்விடும். ஆண் அதற்கும் முன்னாடி. "ஒரு வருஷத்துக்கு இவ்வளவு பாடா?" என்று நண்பன் கேட்டான். குறுவை நூற்றுச் சொச்சம் நாளில் முடிந்துபோகிறது, அதற்குத் தாத்தா படுகிற பாட்டைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டான்.

மூன்றில் இரண்டு போன வாரம் கடைசிச் சட்டையை உரித்துவிட்டன. ஒன்று ஆண், ஒன்று பெண். சிறகு நேராக, அழகாக விரிந்திருக்கிறது. மூன்றாவது நேற்றில் இருந்து சாப்பிடவில்லை. முதுகில் மொட்டு உப்பியிருக்கிறது, வலையின் உச்சியில் அசையாமல் தொங்குகிறது. ஜாடிக்குள் ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அந்த மேஜையைத் தட்டக்கூடாது என்று அம்மா தம்பியை மிரட்டி வைத்திருக்கிறார். ராத்திரிக்குள் உரித்துவிடும் என்று நினைக்கிறேன்.